சாவிக்கொத்து கைமாறும்போது: வளர்ச்சிசார் குறைபாடு உள்ளோருக்கான அமைப்புகளில் தலைமை மாற்றம்

ஆட்டிசமோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளையை வளர்க்கும் பெற்றோரிடம் கொஞ்ச நேரம் பேசிக்கொண்டிருந்தால் ஒரு கேள்வி எப்படியும் வந்துவிடும். “எங்களுக்கு அப்புறம் இவனை யார் பார்த்துப்பாங்க?” பிள்ளைக்கு வயது ஐந்தானாலும் சரி, நாற்பதானாலும் சரி. சிறப்புப் பள்ளிகள், பகல்நேர மையங்கள், தொழிற்பயிற்சிக் கூடங்கள், தங்கி வாழும் இல்லங்கள் என்று எத்தனையோ அமைப்புகள் பிறந்ததே இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான்.

ஆனால் அந்த அமைப்பை நடத்துகிறவருக்கும் வயதாகும். அவரும் ஒருநாள் ஓய்வு பெறுவார், ஊர் மாறுவார், இறந்தும் போவார். அப்போது அதே கேள்வி வேறு வாசல் வழியாகத் திரும்பி வருகிறது. “மேடத்துக்கு அப்புறம் இந்த இடத்தை யார் பார்த்துப்பாங்க?” தலைமை மாற்றம் என்று இங்கே நான் சொல்லப்போவது இதைத்தான். கம்பெனிகளில் எம்.டி. மாறுவது போலத்தானே என்று தோன்றலாம். அப்படி இல்லை. ஏன் இல்லை என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். பிறவியிலோ குழந்தைப் பருவத்திலோ தொடங்கி, கற்பது, பேசுவது, நடமாடுவது, அன்றாட வேலைகளைத் தானே செய்துகொள்வது போன்றவற்றைப் பாதித்து, வாழ்நாள் முழுதும் கூடவே வரும் நிலைகளுக்குப் பொதுப்பெயர்தான் வளர்ச்சிசார் குறைபாடு. ஆட்டிசம், அறிவுசார் குறைபாடு, மூளை முடக்குவாதம், டவுன் சின்ட்ரோம் எல்லாம் இதில் அடங்கும். இந்தியாவில் 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம் ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்காகவே தனியாக வந்தது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைப் பட்டியலிடுகிறது.

இவை நோய்கள் அல்ல. மருந்து கொடுத்து, குணமாக்கி, வீட்டுக்கு அனுப்பிவிடும் சங்கதி இல்லை. ஆகவே தேவைப்படும் உதவியும் ஆறு மாதம், ஒரு வருடம் என்று முடிவதில்லை. ஐம்பது அறுபது வருடக் கணக்கு அது. எந்தத் தலைவரின் பதவிக்காலத்தை விடவும் நீளமானது. இப்படிப்பட்ட அமைப்புக்குத் தலைமை மாற்றம் என்பது வந்தால் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடிய விபத்து அல்ல, கட்டாயம் வரப்போகிற ஒன்று. ஒருவருடைய வாழ்நாளில் மூன்று நான்கு முறைகூட வரும்.

இந்த அமைப்புகள் எப்படிப் பிறந்தன என்று பார்த்தால் சிக்கல் எங்கே தொடங்குகிறது என்பது புரியும். பிரிட்டனில் ஜூடி ஃப்ரைட் என்ற தாய் 1946இல் ஒரு பத்திரிகைக்குக் கடிதம் எழுதினார். தன்னைப் போலவே தவித்துக்கொண்டிருந்த பெற்றோரை ஒன்றுசேர அழைத்தார். அதுதான் பின்னாளில் மென்கேப் ஆனது. அமெரிக்காவில் 1950இல் மினியாபோலிஸ் நகரில் பெற்றோர் சங்கங்கள் கூடித் தொடங்கிய அமைப்பு இன்று ‘தி ஆர்க்’. மும்பையில் 1972இல், மூளை முடக்குவாதம் உள்ளோருக்கான ஸ்பாஸ்டிக்ஸ் சொசைட்டியைத் தொடங்கிய மிது அலூரும் ஒரு தாய்தான். 1985இல் சென்னையில், இன்று வித்யாசாகர் எனப்படும் அமைப்பைத் தொடங்கிய பூனம் நடராஜனும் அப்படியே.

பெற்றோர் தொடங்கிய அமைப்பு குடும்பம் மாதிரி நடக்கும். அதன் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். கூட்டுக்குடும்பத்தில் மாமியார் இடுப்பிலிருந்த சாவிக்கொத்து ஒருநாள் மருமகள் இடுப்புக்கு வரும். கொத்து கைமாற ஒரு நிமிடம் போதும். எந்தச் சாவி எந்தப் பூட்டுக்கு, எந்தப் பூட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துத் திறக்க வேண்டும் என்பதெல்லாம் கைமாறப் பல வருடங்கள் ஆகும். சில விஷயங்கள் கைமாறாமலே போய்விடும்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் குழப்பிக்கொள்ளும் ஒரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய அமைப்பில் இரண்டு தலைமைகள் உண்டு. ஒன்று நிர்வாகக் குழு: தலைவர், செயலாளர், பொருளாளர், உறுப்பினர்கள். அமைப்பு எந்தத் திசையில் போக வேண்டும், பணம் எங்கிருந்து வரும், சட்டப்படி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது இவர்கள் பொறுப்பு. இன்னொன்று இயக்குநர் அல்லது முதல்வர். தினமும் காலையில் வந்து கதவைத் திறப்பவர், வேன் டிரைவர் வராவிட்டால் மாற்று ஏற்பாடு செய்பவர் அவர்தான். எழுதி வைத்த விதிகளின்படி குழு இயக்குநரை நியமிக்கும், கேள்வி கேட்கும். நிறுவனர் இருக்கும் இடத்தில் நடப்பது வேறு. இரண்டு நாற்காலியிலும் அவரே உட்கார்ந்திருப்பார். குழுவில் இருப்பவர்கள் அவருடைய நண்பர்கள், உறவினர்கள், அவரால் பயன்பெற்ற பெற்றோர். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேச மாட்டார்கள். மரியாதைதான் காரணம், வேறு கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் அந்த மரியாதையால்தான், அவர் போகும்போது அடுத்தவரைத் தேடத் தெரிந்த குழு ஒன்று அங்கே இருப்பதில்லை.

நிறுவனரின் மகனோ மகளோ பொறுப்புக்கு வருவது தவறா என்று கேட்பார்கள். தவறில்லை. சிறு வயதிலிருந்தே அந்த வளாகத்தில் வளர்ந்தவர்களுக்கு, வெளியிலிருந்து வரும் எம்.எஸ்.டபிள்யூ. (சமூகப்பணி முதுகலை) பட்டதாரியை விட அதிகம் தெரிந்திருக்கலாம். அவரைத் தேர்ந்தெடுத்தது யார், அவர் சரியில்லை என்றால் மாற்றக்கூடியவர் யார் என்ற கேள்விகளுக்குப் பதில் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சரி, தலைவர் மாறினால் உண்மையில் என்னதான் தொலைகிறது? நான் சில வருடங்கள் சனிக்கிழமைகளில் தன்னார்வலராகப் போய்வந்த ஒரு பகல்நேர மையம் இருக்கிறது. பெயர் வேண்டாம். அங்கே முப்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் வருவார். பேச்சு கிடையாது. தினமும் ஒன்பதரை மணிக்கு முதல்வர் அறைக்குப் போவார், மேசை மேலிருக்கும் பித்தளை மணியை எடுப்பார், வராந்தாவின் ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை அடித்துக்கொண்டே நடப்பார். அதற்குப் பிறகுதான் அங்கே எல்லோருக்கும் நாள் தொடங்கும். பழைய முதல்வர் ஓய்வு பெற்று, புதியவர் வந்தார். நல்லவர், சுறுசுறுப்பானவர். வந்த முதல் வாரமே மின்மணி பொருத்தினார். பித்தளை மணி அலமாரிக்குப் போனது.

அந்த இளைஞர் தலையைச் சுவரில் மோதிக்கொள்ளத் தொடங்கினார். சாப்பாட்டுத் தட்டைத் தள்ளினார். வீட்டில் தூங்கவில்லை. டாக்டரிடம் கூட்டிப்போய் மாத்திரையின் அளவையும் கூட்டினார்கள். மூன்று வாரம் கழித்து, கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஆயாம்மாதான் சொன்னார்: “அவன் மணியை எடுத்து உள்ளே வெச்சிட்டீங்களே, அவன் என்னதான் பண்ணுவான்?”

இதில் யாரையும் குறைசொல்ல எனக்கு மனமில்லை. புதிய முதல்வருக்கு அது தெரிய வழியே இல்லை. கோப்புகளில் அந்த இளைஞரின் நுண்ணறிவு ஈவு (ஐ.க்யூ.) இருந்தது, தடுப்பூசி விவரம் இருந்தது, அப்பாவின் வருமானச் சான்றிதழ்கூட இருந்தது. மணி இல்லை. வீட்டில் அம்மாவுக்கும் தெரியாது, ஏனென்றால் அது மையத்தில் மட்டும் நடந்த விஷயம். தெரிந்தவர் இரண்டே பேர். ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார். இன்னொருவரிடம் யாரும் கேட்கவில்லை.

தலைமை மாற்றம் பற்றிய பாடங்களில் நன்கொடையாளர் பட்டியல், வங்கிக் கையெழுத்து, அரசு அனுமதிகள் என்று நிறையச் சொல்வார்கள். அவையும் வேண்டும்தான். சங்கமாகப் பதிவான அமைப்பு என்றால் நிர்வாகிகள் மாறியதை மாவட்டப் பதிவாளரிடம் தெரிவிக்க வேண்டும், வங்கியில் கையெழுத்து மாற்ற வேண்டும், வெளிநாட்டு நன்கொடை பெறும் அனுமதி இருந்தால் உள்துறை அமைச்சகத்துக்கும் போக வேண்டும். இவற்றில் ஒன்று தாமதமானாலும் அந்த மாதச் சம்பளம் நின்றுவிடும். ஆனால் இவற்றுக்கெல்லாம் ஆடிட்டர் இருக்கிறார், நினைவூட்டுவார். மணிக்கு ஆடிட்டர் கிடையாது.

இந்த இடத்தில் சட்டம் எதைக் கேட்கிறது, எதைக் கேட்பதில்லை என்பதும் கவனிக்கத்தக்கது. தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி, 18 வயது கடந்தவருக்குக் காப்பாளர் தேவை என்றால் மாவட்ட ஆட்சியர் நிலையிலான அதிகாரி உள்ள உள்ளூர்க் குழுதான் நியமிக்கும். அப்படி நியமிக்கப்பட்டவர், தன் பொறுப்பில் உள்ளவரின் சொத்துப் பட்டியலை ஆறு மாதத்துக்குள் கொடுக்க வேண்டும். நல்ல விதி, அவசியமான விதி. ஆனால் பொறுப்பில் உள்ளவருக்குக் காபி பிடிக்குமா டீயா, பயந்தால் எங்கே போய் ஒளிந்துகொள்வார் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் என யாரும் கேட்பதில்லை.

அந்தப் பட்டியலுக்கு ஒரு வடிவம் ஏற்கெனவே உண்டு. ஸ்காட்லாந்தில் 1990களின் தொடக்கத்தில் ‘கம்யூனிகேஷன் பாஸ்போர்ட்’ என்ற ஒன்றை உருவாக்கினார்கள். பேச முடியாதவர் கையோடு கொண்டுபோகும் சின்னப் புத்தகம். “என் பெயர் இது. நான் கன்னத்தைத் தட்டினால் தண்ணீர் வேண்டும் என்று அர்த்தம். பின்னாலிருந்து தொட்டால் எனக்குப் பிடிக்காது.” இப்படி அவரே சொல்வது போல, படங்களோடு இருக்கும். இருபது ரூபாய் நோட்டுப் புத்தகத்தில் செய்துவிடலாம். யார் எழுதுவது என்பதில்தான் சூட்சுமம் இருக்கிறது. முதல்வர் மட்டும் எழுதினால் பாதிதான் வரும். ஆயாம்மா, வேன் டிரைவர், சமையல்காரர், வீட்டில் தங்கை எல்லோரையும் உட்காரவைத்துக் கேட்க வேண்டும்.

இனி ஒரு பெரிய உதாரணம். பிரான்சில் பாரிசுக்கு வடக்கே த்ரோலி-பிரேய் என்ற கிராமம். 1964இல் ழான் வனியே என்ற கனடாக்காரர் அங்கே ஒரு பழைய வீட்டை வாங்கி, காப்பகத்தில் அடைபட்டிருந்த அறிவுசார் குறைபாடுள்ள இருவரை அழைத்து வந்து தன்னோடு வாழவைத்தார். நோயாளியும் ஊழியருமாக இல்லாமல், ஒரே மேசையில் சாப்பிட்டு ஒரே கூரையின் கீழ் வாழ்வது என்பதுதான் எண்ணம். வீட்டுக்கு ‘லார்ஷ்’ என்று பெயர். நோவாவின் பேழை என்று பொருள். இன்று 150க்கும் மேற்பட்ட லார்ஷ் சமூகங்கள் உலகெங்கும் உள்ளன. ஆசியாவில் முதலாவது 1970இல் பெங்களூருவில் ஆஷா நிகேதன் என்ற பெயரில் தொடங்கியது. சென்னையிலும் ஆஷா நிகேதன் உண்டு.

வனியே 1980களின் தொடக்கத்திலேயே த்ரோலியின் பொறுப்பை மற்றவரிடம் கொடுத்துவிட்டார். லார்ஷில் சமூகத் தலைவர்கள் குறிப்பிட்ட காலத்துக்கே வருவார்கள். எல்லோரும் கூடிக் கலந்து பேசித்தான் அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பார்கள். காகிதத்தில் பார்த்தால் அழகான கைமாற்றம். ஆனால் நிறுவனர் அதே கிராமத்தில்தான் இருந்தார். உலகெங்கும் அவர் பெயரைச் சொல்லித்தான் ஆட்கள் லார்ஷுக்கு வந்தார்கள். சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டார், வீட்டின் முகமாக அவரே இருந்தார். புதிதாக வந்தவரின் முடிவு பிடிக்காவிட்டால் ஆட்கள் நிறுவனர் வீட்டு வாசலுக்குப் போய் நிற்பார்கள். இது லார்ஷுக்கு மட்டும் உரிய கதையில்லை, நம் ஊர்களிலும் தினம் பார்ப்பதுதான். ‘ஆலோசகர்’ என்ற பட்டத்தோடு பழையவர் பக்கத்து அறையில் இருக்கும்வரை புதியவர் தலைவர் அல்ல, தற்காலிக ஊழியர்.

வனியே 2019 மே மாதம் இறந்தார். புனிதர் என்றே பலர் எழுதினார்கள். 2020 பிப்ரவரியில் லார்ஷ் அமைப்பே ஒரு விசாரணை அறிக்கையை வெளியிட்டது. ஆன்மிக வழிகாட்டுதல் என்ற பெயரில் அவர் பெண்களைப் பாலியல்ரீதியாகப் பயன்படுத்திக்கொண்டார் என்றது அது. ஆறு பெண்களின் வாக்குமூலம் அதில் இருந்தது. 2023இல் ஆய்வுக் குழு ஒன்றின் விரிவான அறிக்கை வந்தபோது அந்த எண்ணிக்கை குறைந்தது 25 ஆனது. அவர்கள் குறைபாடு உள்ளவர்கள் அல்லர், வயதுவந்த பெண்கள். அதனால் குற்றத்தின் கனம் குறைந்துவிடாது.

இதை ஏன் இங்கே கொண்டுவருகிறேன் என்றால், தலைமை மாற்றத்தின் பயனாக யாரும் அதிகம் பேசாத ஒன்று இதில் தெரிகிறது. விசாரணையை வெளியாரிடம் ஒப்படைத்ததும், முடிவைத் தாங்களே உலகுக்குச் சொன்னதும் பின்னால் வந்த தலைமை. நிறுவனரோ அவர் வாரிசோ நாற்காலியில் இருந்திருந்தால் அந்த அறிக்கை வெளியே வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான். அதேசமயம் அறிக்கை வந்த மறுநாளும் லார்ஷ் வீடுகளில் காலைச் சாப்பாடு தயாராக வேண்டியிருந்தது, ஒருவரைக் குளிப்பாட்ட வேண்டியிருந்தது, இன்னொருவருக்கு மாத்திரை கொடுக்க வேண்டியிருந்தது. வீடுகள் மூடப்படவில்லை. அந்தந்த வீட்டில் இருந்தவர்களுக்கு அந்தந்த வீட்டு வேலை தெரிந்திருந்தது.

சென்னையில் இதைவிட அமைதியான உதாரணம் உண்டு. வித்யாசாகரின் பூனம் நடராஜன் 2005இல், முன்பு சொன்ன 1999ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த அரசு அமைப்பான தேசிய அறக்கட்டளையின் தலைவராகப் பொறுப்பேற்றார். நிறுவனர் நல்ல நிலையில் இருக்கும்போதே வேறு வேலைக்குப் போக, வித்யாசாகர் வேறு இயக்குநரோடு தொடர்ந்து இயங்கியது, இன்றும் இயங்குகிறது. செய்தித்தாளில் வரும் அளவுக்கு அதில் பரபரப்பு எதுவும் இல்லை.

அப்புறம், முக்கியமான ஒன்று. இந்த மாற்றத்தை யாரிடம் சொல்வது? நன்கொடையாளர்களுக்குக் கடிதம் போகும். பெற்றோருக்குக் கூட்டம் நடக்கும். ஊழியர்களுக்கு வழியனுப்பு விழா, பொன்னாடை, குரூப் போட்டோ. அங்கேயே வாழ்கிறவர்களுக்கு? “அவங்களுக்கு என்ன தெரியப்போகுது” என்று விட்டுவிடுவது வழக்கம். திங்கட்கிழமை காலையில் அந்த அறையில் வேறு முகம் இருக்கும், அவ்வளவுதான்.

தெரியும், நன்றாகவே தெரியும். சொல்லத்தான் தெரியாது. அழுகை, அடம், சாப்பிடாமை, படுக்கையை நனைத்தல் என்று அது வேறு வழியில் வெளியே வரும்; அதைப் ‘பிஹேவியர் பிராப்ளம்’ என்று எழுதி வைப்போம். ஆட்டிசம் உள்ள பலருக்கு, நாளை என்ன நடக்கும் என்று முன்கூட்டித் தெரிவதுதான் பெரிய நிம்மதி. அதனால் இரண்டு மூன்று மாதம் முன்பே தொடங்க வேண்டும். காலண்டரில் போகிறவரின் புகைப்படத்தைக் கடைசி நாள் வரை ஒட்டிக் காட்டலாம். அதன் பிறகு புதியவரின் படம். அமெரிக்காவைச் சேர்ந்த காரல் கிரே 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய ‘சமூகக் கதை’ முறை இதற்கு நன்றாகப் பொருந்தும். “லட்சுமி மேடம் பள்ளியை விட்டுப் போகிறார். என் மீது கோபமில்லை. அவருக்கு வயதாகிவிட்டது. ஜூன் மாதத்திலிருந்து புது மேடம் வருவார். என் வேனும் என் நாற்காலியும் அப்படியே இருக்கும்.” ஐந்தாறு வரிகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு படம். தினமும் படித்துக் காட்டுவது. ‘என் மீது கோபமில்லை’ என்ற வரியை விட்டுவிடாதீர்கள். காணாமல் போன ஒருவரைப் பற்றி முதலில் எழும் பயம் அதுதான்.

போகிறவரும் புதியவரும் கொஞ்ச நாளாவது சேர்ந்து இருந்தால் நல்லது. பழகிய குரல் பக்கத்தில் இருக்கும்போது புதிய கையிலிருந்து உருண்டை வாங்கிச் சாப்பிடுவது சுலபம். அதற்குப் பிறகு பழையவர் உண்மையிலேயே போய்விட வேண்டும். வாரம் ஒருமுறை எட்டிப்பார்ப்பது அன்பாகத் தெரியும், ஆனால் மேலே சொன்ன பக்கத்து அறைச் சிக்கல் அதில்தான் தொடங்கும்.

இதைவிட ஒருபடி மேலே போகலாம்: அடுத்த தலைவரைத் தேர்ந்தெடுப்பதில் அவர்களுக்கே இடம் கொடுப்பது. கற்பனை இல்லை. அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில் 1974இல், வளர்ச்சிசார் குறைபாடு உள்ளவர்களே கூடி ‘பீப்பிள் ஃபர்ஸ்ட்’ என்ற இயக்கத்தைத் தொடங்கினார்கள். முதலில் நாங்கள் மனிதர்கள், மற்றதெல்லாம் அப்புறம் என்பதுதான் அந்தப் பெயரின் அர்த்தம். நியூசிலாந்தின் ராபர்ட் மார்ட்டின் குழந்தையாகக் காப்பகத்தில் விடப்பட்டவர். அறிவுசார் குறைபாடு உள்ளவர். 2016இல் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. குழுவுக்கு அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தக் குழுவில் இடம்பெற்ற அறிவுசார் குறைபாடுள்ள முதல் மனிதர் அவர். இந்தியா 2007இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. உடன்படிக்கையும், மாற்றுத்திறனாளிகளைப் பாதிக்கும் முடிவுகளை எடுக்கும்போது அரசுகள் அவர்களைக் கலந்துகொள்ள வேண்டும் என்கிறது. அரசுக்குச் சொன்னது நம் தெருவிலிருக்கும் மையத்துக்கும் பொருந்தாதா என்ன?

நடைமுறையில் இது எளிதுதான். பொறுப்புக்கு வர விரும்புகிறவரை ஏசி அறையில் நேர்காணல் செய்வதோடு நிறுத்தாமல், ஒரு முழுநாள் மையத்தில் விட்டுப் பாருங்கள். மதியச் சாப்பாட்டுக்கு யாரோடு உட்காருகிறார், பேசாதவரிடம் எப்படிப் பேசுகிறார், யார் அவர் பக்கத்தில் போகிறார்கள், யார் விலகுகிறார்கள் என்று கவனியுங்கள். அதுவும் ஒரு வாக்குதான்.

பெற்றோர் செய்யக்கூடிய மிகச் சின்ன வேலை ஒன்றும் இருக்கிறது. பல அமைப்புகளில் வருடம் ஒருமுறை பொதுக்குழுக் கூடும். முக்கால்வாசிப் பேர் வருவதில்லை, வருகிறவர்களும் கையெழுத்துப் போட்டு, டீ குடித்து, சமோசா சாப்பிட்டுக் கிளம்பிவிடுவார்கள். அடுத்த முறை போனால், இயக்குநர் நாளைக்கே வர முடியாமல் போனால் யார் பொறுப்பு என்று எங்கே எழுதி வைத்திருக்கிறீர்கள் என்று கேளுங்கள். மேடத்துக்குச் சங்கடமாகத்தான் இருக்கும். உங்களுக்கும்தான். பதிலை மினிட் புத்தகத்தில் ஏற்றச் சொல்லிவிட்டு, சமோசாவைச் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.